சுவர் விலகும் வால்ட்ஸ்

போத்தனூரில் பாட்டுக்கு ஒரு சுவர் விலகியது என்ற இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் சந்தேகித்தே வந்திருக்கிறேன். சந்தேகம் தினமும் ஒரே மாதிரி இருக்கவில்லை. காலையில் கடையைத் திறக்கும்போது, தனியாக வயதாகிப்போன ஒரு மனிதர் தன்னைத் தேற்றிக்கொள்ளச் சொல்லிக்கொண்ட கதை இது என்று உறுதியாகத் தோன்றும். மத்தியானம் மெஸ்ஸில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது, அப்படியானால் அவரோடு எந்த ஒட்டுறவும் இல்லாத இன்னொருவர் அதே கதையை ஒரு புகாரைப் போல என்னிடம் ஏன் சொன்னார் என்று தோன்றும். பொய் என்று தெரிந்துவிட்டால் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மெய்யென்று ஆகிவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். அதற்குப் பயந்துதான் சந்தேகத்தை இவ்வளவு காலம் வளர்த்தேனோ என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு இதைச் சொன்னவர் ஆப்ரி மெண்டீஸ் என்ற ஆங்கிலோ இந்தியர், ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கோயம்புத்தூரில் ஒலிபெருக்கியும் விளக்கும் வாடகைக்கு விடுகிறவன். ஒரு ஹோட்டல்காரம்மா வாரம் ஒருநாள் ஜோடி நடன வகுப்பு ஆரம்பித்து, பாட்டெல்லாம் ஐம்பதுகளின் பழைய பாட்டாக இருக்க வேண்டும், போனிலிருந்து போட்ட மாதிரி இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கல்யாண வீட்டு நாதஸ்வரமும் மாரியம்மன் பாட்டும் மட்டுமே தெரிந்த நான், யாரோ கைகாட்டியபடி போத்தனூர் ரயில்வே காலனியில் இவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். எப்படிப்பட்ட பாட்டு எடுப்பது என்று கேட்டேன்.

"எத்தன ஜோடி ஆடறாங்க?" என்றார்.

"பத்துப் பன்னெண்டு இருக்கும் சார்."

"அதுல எத்தன ஜோடி ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறாங்க?"

அதை நான் கவனித்ததில்லை என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "கேக்க நல்லாருக்கான்னு பாக்கறது ரேடியோக்காரன் வேலை மேன். ஆடறவன் எவ்வளவு தூரம் போகணும், எப்ப திரும்பணும், அதப் பாத்துத்தான் பாட்டு எடுக்கணும்" என்றார்.

அந்த அறையில் நாற்காலிகளும் மேசையும் பக்கச் சுவர்களை ஒட்டி ஒதுங்கியிருந்தன. திரு இருதயப் படம், கல்யாணப் படம், காலண்டர் எல்லாம் அதே பக்கச் சுவர்களில் நெருக்கியடித்துத் தொங்கின. எதிர்ச்சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, சொன்ன பேச்சு கேட்காத மாட்டைப் பற்றிச் சொல்வதுபோல, "அது ஒரு எடத்துல நிக்கற சுவர் இல்ல" என்றார். அன்றைக்குத் தொடங்கிப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டு துண்டாக அவர் சொன்னதைத்தான் கீழே கோத்திருக்கிறேன். அவர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில்தான் பேசியிருப்பார்கள். அவர் எனக்குத் தமிழில் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஆங்கிலோ இந்தியர்கள் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்படிப் போன ஒரு குடும்பம், கனமாக இருக்கிறதென்று ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளை, ரயில்வேக்காரர்களின் கிளப்பான ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. எல்லாம் யுத்தம் முடிந்து வந்த பத்துப் பதினைந்து வருடங்களின் நடன இசை. ஒட்டியிருந்த காகிதமெல்லாம் தேய்ந்து எது எந்தப் பாட்டென்று போட்டுக் கேட்டால்தான் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் இன்ஸ்டிட்யூட்டில் ஆட்டம் நடக்கும். ஜன்னல் வழியே வெயில் தரையில் விழுந்து கிடக்க, சமையல் அடுப்பில் இறைச்சியை ஏற்றி வைத்துவிட்டு வந்த பெண்களும், சட்டையில் கரிவாசனை போகாத டிரைவர்களும் மத்தியானச் சாப்பாடு வரை ஆடுவார்கள். பாட்டு எடுத்துப் போடுகிறவர் மெண்டீஸ். அவர் அந்தப் பெட்டியிலிருந்து மெதுவான ஒரு வால்ட்ஸ் நடனப் பாட்டைப் போட்ட ஞாயிற்றுக்கிழமை, கூடத்தின் எதிர்ச்சுவர் விலகிப் போனது.

இடியவில்லை, விரியவில்லை. ரயில் நகரும்போது பிளாட்பாரம் பின்னால் போகுமே, அப்படிப் போனது. அது போன இடமெல்லாம் தரை வந்து நிரப்பியது, அதே மரத்தரை, அதே பளபளப்பு, இரண்டு பக்கமும் அதே மாதிரி ஜன்னல்கள், ஜன்னல்களில் அதே வெயில். ஆடிக்கொண்டிருந்த குக் தம்பதி நிறுத்த நேரமில்லாமல் ஆடிக்கொண்டே அதற்குள் போனார்கள், சிறுத்தார்கள், சுழன்றார்கள், பாட்டு முடியப் போகிற இடத்தில் முன்பு எப்படித் திரும்புவார்களோ அப்படித் திரும்பி வந்தார்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே சுவரும் வந்து தன் இடத்தில் நின்றது. பெரில் குக்கின் ஒரு காலில் செருப்பு இல்லை. அது அந்தப் பக்கத்தில் கழன்று விழுந்திருந்தது. பாட்டை மறுபடி போட்டு, சுவர் மறுபடி விலகி, எல்லோரும் எட்டிப் பார்த்தபோது தரை மட்டும்தான் இருந்தது, செருப்பு இல்லை. பாட்டு நிற்கும்போது அங்கே இருப்பது அங்கேயே போய்விடும் என்று அந்த ஒற்றைச் செருப்பில் அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

முதலில் வாய் திறந்தவர் இன்ஸ்டிட்யூட்டைப் பார்த்துக்கொண்ட சென்னியப்பன். ஆடுகிறவர்களின் கால் வழுக்கிச் செல்வதற்காகத் தரையில் போரிக் பவுடர் தூவுவது அவர் வேலை.

"ஏனுங் தொர, இம்புட்டுத் தூரத்துக்கு நா பவுடர் போடறதுன்னா மூட்டை மூட்டையா வேணுமுங். ரெண்டு டப்பாவக் குடுத்துப்போட்டு போடு போடுன்னா எப்புடிங்?"

"கண்ணுக்குத் தெரியற வரைக்கும் போடு" என்றாள் செயலாளர் மிஸஸ் ஃபாகர்ட்டி.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்கம்மா. அதானுங் வம்பு."

பங்குச்சாமியார் வந்து பார்த்தார். அந்தப் பக்கத்துச் சுவரில் சிலுவை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். சுவரே இல்லையே ஃபாதர் என்றார்கள். "அப்படியா, சரி, ரொம்ப தூரம் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தார். ரயில்வே ஆட்கள் டேப்போடு வந்து பாட்டில்லாத நேரத்தில் கூடத்தை அளந்து, அளவு சரியாக இருக்கிறது, புகாரில் உண்மையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதோடு ஆச்சரியம் முடிந்து நிர்வாகம் தொடங்கியது.

ஏனென்றால் அந்தத் தரை காலனிக்குத் தேவைப்பட்டது. ஒருவர் இருமினால் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்படியான சுவர்கள் கொண்ட குவார்ட்டர்ஸ் அவை. புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேச இடமில்லை. பேச வேண்டியதோ நிறைய இருந்தது, போவதா இருப்பதா, கட்டிலை விற்பதா, அம்மாவை யாரிடம் விடுவது என்று. ஜோடி ஜோடியாக வந்து மெண்டீஸின் காதில் தங்கள் சங்கடத்தைச் சொன்னார்கள், அவர் கேட்டுக்கொண்டு அதற்கேற்ற தட்டை எடுத்தார். வால்ட்ஸ் போட்டால் தரை மைதானம்போல அகலமாக விரியும். அழ வேண்டியவர்களுக்கு அது. ஃபாக்ஸ்ட்ராட் போட்டால் தண்டவாளம்போல நேராக நீளும். சண்டை போட்டவர்கள் ஒருவர் தோளுக்கு மேல் இன்னொருவர் பார்த்தபடி போய்க்கொண்டே பேசலாம், திரும்பி வருவதற்குள் கோபம் பாதியாகிவிடும். வேகமான க்விக்ஸ்டெப்பில் போனவர்கள் மூச்சு வாங்கித் திரும்பினார்கள், ஒன்றும் பேசவில்லை. டாங்கோ போட்டபோது தரை மூலைக்கு மூலை திரும்பியது, ஆடியவர்கள் மூலை திரும்பி மறைந்தார்கள். அந்தத் தட்டுகளை மிஸஸ் ஃபாகர்ட்டி கயிறு போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். கடல் வாசனை என்றார் ஒருவர். குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி, ஜன்னல்களில் திரை நன்றாகத் துவைத்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

ஒரு தடவை இரண்டு ஜோடிகள் தூரத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மிஸஸ் ஃபாகர்ட்டி கையை இடுப்பில் வைத்து, "ஒத்தத் தண்டவாளத்துல ரெண்டு ரயில் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். கூடத்திலிருந்த அத்தனை ஆண்களும் ஒரே குரலில், "டோக்கன்!" என்றார்கள். ஒற்றைப் பாதையில் ரயில் விடும்போது ஓர் இரும்பு உருண்டையைத் தோல் பையில் போட்டு, தோளில் மாட்டும்படி பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். அது இல்லாமல் யாரும் அந்தப் பாதைக்குள் நகரக் கூடாது. அது மறுபடி கேபின்காரன் கைக்கு வந்தால் பாதை காலி என்று அர்த்தம், வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. கழித்துப்போட்ட ஒரு வளையம் வந்து சேர்ந்தது. ஆடப் போகிற பெண் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவாள்; திரும்பி வந்து மெண்டீஸின் கையில் போடுவாள்; அவர் ஊசியைத் தூக்குவார்; சுவர் வரும். நீண்ட நேரம் போகிறவர்களுக்காக இரண்டு பிளேயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று முடியுமுன் இன்னொன்றில் ஊசியை இறக்கி, பாட்டு அறுந்துபோகாமல் பார்த்துக்கொண்டார். அதனால் அவர் ஸ்டூலை விட்டு எழுந்ததே இல்லை.

அவர் மனைவி எஸ்மி ரயில்வே பள்ளிக்கூடத்தில் டீச்சர். நன்றாக ஆடுவாள். அவளுடைய அக்கா ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எஸ்மிக்குப் போக ஆசையா இல்லையா என்பது இன்றுவரை மெண்டீஸுக்குத் தெரியாது. அதைத்தான் அவள் பேச நினைத்தாள், பேசத்தான் அந்தத் தரைக்கு அவரைக் கூப்பிட்டாள்.

"காலனில எல்லா புருஷனும் போறான். நீ மட்டும் ஸ்டூலோட ஒட்டிட்டு உக்காந்திருக்க."

"நான் எழுந்தா ஊசிய யார் மாத்தறது?"

"சென்னியப்பன்."

"அவனுக்கு வால்ட்ஸ் எது பஜனை எதுன்னு தெரியாது."

"பேசாம நீ அந்த ஊசியவே கட்டிட்டிருக்கலாம், ஆப்ரி. சர்ச்சுல நான் வந்து பூ பிடிச்சிட்டு நின்னிருப்பேன்."

அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். பல அடுத்த வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வளையத்தைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்த பெர்சி கோம்ஸை எழுப்பிக் கூட்டிக்கொண்டு தரையில் இறங்கினாள். பெர்சி கூட்ஸ் வண்டி டிரைவர், மனைவியை இழந்தவர், ஆடும்போது ஒன்று இரண்டு மூன்று என்று உதட்டால் எண்ணுகிறவர். அவரைப் பற்றி யாரும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. அவர்களுக்கு என்ன பாட்டு என்று மெண்டீஸ் யோசிக்கவில்லை. "கைக்கு வந்தத எடுத்தேன் மேன்" என்றார் என்னிடம். கைக்கு வந்தது, இன்ஸ்டிட்யூட்டில் காலங்காலமாக 'எக்ஸ்க்யூஸ்-மீ' ஆட்டத்துக்கென்றே வைத்திருந்த ஒரு மெட்டு.

அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடிக்கொண்டிருக்கும் ஆணின் தோளை வேறு எந்த ஆணும் வந்து தட்டலாம். தட்டினால் மறுக்கக் கூடாது, திரும்பி முகத்தை முறைக்கக் கூடாது. தலையைக் குனிந்து, பெண்ணின் கையை விட்டு, விலகி வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். அந்தத் தரையில் வேறு யாரும் இல்லாதபோது அந்த மெட்டைப் போட்டால்தான் என்ன?

சுவர் விலகியது. எஸ்மியும் பெர்சியும் அகலமான தரையில் சுழன்று சுழன்று சிறுத்துப்போனார்கள். மெண்டீஸ் ஊசியை மாற்றினார், மறுபடி மாற்றினார். பிறகு தூரத்தில் ஒரு புள்ளி பெரிதாகி வந்தது. அதை அவர் எனக்கு இப்படிச் சொன்னார்: ஓடுகிற எஞ்சினிலிருந்து டிரைவர் வீசும் வளையத்தை வாங்குவதற்குக் கேபின்காரன் கையை நீட்டி நிற்பான், அவன் டிரைவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, வளையத்தைத்தான் பார்ப்பான். அப்படிக் கையை நீட்டினார். வளையம் கையில் விழுந்தது. பையைத் தொட்டார், உருண்டை இருந்தது. ஊசியைத் தூக்கினார். சுவர் வந்து தன் இடத்தில் நின்றது.

"தேங்க்ஸ் மேன்" என்று சொல்லிவிட்டு பெர்சி தேநீர் எங்கே என்று பார்த்தார்.

மிஸஸ் ஃபாகர்ட்டிதான் கேட்டாள்: "எஸ்மி எங்க?"

"அங்க ஆடிட்டிருக்கா. என் தோளத் தட்டினாங்க. எக்ஸ்க்யூஸ்-மீ பாட்டுதான? விட்டுட்டு வந்தேன்."

"யார் தட்டினா?"

"திரும்பிப் பாக்கறதா மேன்? மரியாத இல்லையே."

"டோக்கன நீ எதுக்கு எடுத்துட்டு வந்த?" என்று மெண்டீஸ் கத்தினார்.

பெர்சி அவர் பக்கம் திரும்பினார். "டோக்கன் இல்லாம ஒத்தப் பாதை செக்‌ஷன்ல நடந்து வரச் சொல்றியா என்னை? எஸ்மியேதான் கழட்டி மாட்டி விட்டா. நீ இது இல்லாமப் போகக் கூடாது பெர்சின்னா."

 அங்கிருந்த அத்தனை ரயில்காரர்களும் பெர்சியின் இடத்தில் அதைத்தான் செய்திருப்பார்கள், மெண்டீஸின் இடத்திலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இரண்டு வழக்கங்களும் ஒரு குறையுமில்லாமல் காப்பாற்றப்பட்டிருந்தன. நடுவில் எஸ்மி இல்லாமல் போயிருந்தாள்.

மெண்டீஸ் அதே தட்டை மறுபடி போட்டார். சுவர் விலகியது, தரை வெறுமையாகக் கிடந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டி, வெயில் மேற்கு ஜன்னல்களுக்கு மாறும்வரை போட்டார். சென்னியப்பன் மட்டும் பவுடர் டப்பாவோடு தான் தூவிய எல்லை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "என்ற பவுடர் முடியற எடம் வரைக்கும் அம்மணி காலடி இருந்துதுங். அதுக்கு அப்பால தர சுத்தமா இருக்குது. நா அப்பவே சொன்னனுங், ரெண்டு டப்பா பத்தாதுன்னு." நான் மதுக்கரையில் அவருடைய மகன் வீட்டில் தேடிப் பிடித்தபோதும் இதையே, அதே மனத்தாங்கலோடு சொன்னார்.

காலனி இதையும் தன் முறைப்படி ஏற்றுக்கொண்டது. தட்டியவர் யாரென்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். மிஸஸ் ஃபாகர்ட்டி, யாராக இருந்தாலும் முறைப்படி தோளைத் தட்டிக் கேட்டிருக்கிறார், நல்ல இடத்துப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடித்துவைத்தாள். பெர்சி பிறகு ஆடவேயில்லை. ஞாயிறுதோறும் வந்து, யாருடைய தோளையும் உரசாத ஓரமாகப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இறந்தவர்களுக்கான ஜெபத்தில் எஸ்மி பெயரைச் சேர்க்க ஃபாதர் மறுத்துவிட்டார், பிரயாணத்தில் இருப்பவர்களுக்கான ஜெபத்தில் வாசித்தார். கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் அவளுக்கு ஒரு தட்டு போட்டார்கள். பெண்கள் முறை வைத்து மெண்டீஸுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினார்கள், அவர் சாப்பிடுகிறாரா என்று ஜன்னல் வழியே பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எஸ்மி திரும்பும்வரை பாதையில் ஆள் இருக்கிறது, ஆகவே வேறு ஜோடியை அனுப்ப முடியாது என்று முடிவாயிற்று. அதைச் சொல்ல வேண்டியவர் மெண்டீஸ், அவரே சொன்னார். பேச இடமில்லாமல் போன ஜோடிகள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். பிறகு பேசாமலே முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு கட்டிலாக விற்கப்பட்டது, ஒவ்வொரு வீடாக வெள்ளையடித்துத் திருப்பிக் கொடுக்கப்பட்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறவர்கள் குறைந்து குறைந்து, கடைசியில் மிஸஸ் ஃபாகர்ட்டியும் சாவியைச் சென்னியப்பனிடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள்.

மெண்டீஸ் இரண்டு பிளேயர்களையும் பெட்டியையும் வளையத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டுச் சுவரும் விலகியது. அன்றுமுதல் ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து, எஸ்மி திரும்பி வருவதற்குத் தோதான பாட்டாகப் பார்த்து எடுத்துப் போடுகிறார். இதில்தான் அவர் தன் ஆயுளைச் செலவழித்தார். முதல் சில வருடங்கள் அவள் பிரிந்துபோன அதே வேகத்தில் எடுத்தார். பிறகு, அங்கேயும் நாள் போகுமல்லவா என்று தோன்றி, கொஞ்சம் நிதானமானவையாக எடுத்தார். க்விக்ஸ்டெப் எல்லாவற்றையும் என் ஹோட்டல் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார். "இதெல்லாம் இனிமே எஸ்மியால ஆகாது மேன். அவ அம்மாவுக்கு அம்பது வயசுலயே முட்டி வலி வந்துது" என்றார். இருப்பதிலேயே மெதுவான வால்ட்ஸ்களை மட்டும் தனியே அடுக்கி, அதிலும் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொள்ள இடம் இருப்பதைப் பொறுக்கி வைத்திருந்தார்.

நானும் விசாரித்தேன். அந்தம்மா காய்ச்சலில் போய்விட்டது என்றார் ரொட்டிக்கடைக்காரர். அக்காவிடம் போய்விட்டது, இந்த ஆள்தான் ஏற்க மறுக்கிறார் என்றார் சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளை. அந்த வால்ட்ஸ்களை என் எதிரில் அவர் ஒருமுறைகூடப் போட்டதில்லை. நான் போனால் மற்ற தட்டுகளைப் பற்றிப் பேசுவார், டீ போடுவார். ஒருமுறை அவற்றைப் பென் டிரைவில் பதிந்து தரட்டுமா, தானாகவே திரும்பத் திரும்ப ஓடுமே என்று கேட்டேன். முன்பே ஒருவர் கேசட்டில் பதிந்து கொடுத்தாராம், கேசட்டுக்குச் சுவர் ஒரு விரல்கூட அசையவில்லையாம். வசதியான பதில் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தேன். என் மனைவி மகளோடு பெங்களூரில் இருக்கிறாள். போனில் பேசிக்கொள்வோம், சாப்பிட்டாயா என்று இரண்டு பக்கமும் கேட்டு முடிந்ததும் வேறு பேச்சு வராது. அப்புறம் அந்தப் பகலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன மாதம் அவருக்குக் கை நடுக்கம் அதிகமாகிவிட்டது. குன்னூரில் கன்னியர்கள் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதென்று சென்னையிலிருக்கும் உறவுக்காரப் பெண் ஏற்பாடு செய்துவிட்டாள். மறுநாள் வண்டி வருகிறது என்ற நிலையில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். கதவு திறந்தே இருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஊசியைத் தட்டின்மேல் இறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி இடம் தெரியாமல் தட்டின் குறுக்கே கீச்சென்று கோடு இழுத்துக்கொண்டு போனது. மறுபடி முயன்றார். மறுபடி கீச்சென்றது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வா மூர்த்தி. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடு. உன் ஹோட்டலுக்கு ஆகும்."

"அங்க கொண்டு போகலையா சார்?"

"அங்க ஒரு ரூமுக்கு நாலு கட்டில். அந்தப் பக்கம் படுத்திருக்கறவன் சுவர் வேணும்பானில்ல?"

சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"சார், நீங்களே போய்ப் பாத்திருக்கலாமே? உள்ள போயி, அவங்களக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"நான் போனா ஊசிய யார் மாத்தறது? மூணு நிமிஷத்துல பாட்டு நின்னுடும். நின்னா நானும் அங்க, அவளும் அங்க. யாருமில்லாத வீட்டுல சுவர் மட்டும் நிக்கும்."

"ஒருத்தர் கூட இருந்தாப் போதுமே சார்."

"எல்லாரும் போயிட்டாங்க மேன். யார் இருந்தா?"

"நான் இருந்தேனே. இத்தன வருஷமா வாராவாரம் வந்தேனே."

அவர் என்னைக் கோபமில்லாமல் பார்த்தார். கேபினிலிருந்து ஒரு ரயிலைப் பார்ப்பதுபோல, அது எது, எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தார்.

"நீ நம்பலயே, மூர்த்தி. நம்பாதவன் கையில ஊசியக் குடுத்துட்டு எப்படி உள்ள போறது? கொஞ்ச நேரம் பாப்ப. அப்பறம், கிழவனுக்கு என்னமோ ஆச்சுன்னு நினைப்ப. போன் வரும், எடுத்துட்டு வாசலுக்குப் போவ. உன்னைத் தப்பு சொல்லல. நானும் உன்னக் கேக்கல, நீயும் சொல்லல."

நான் எதிர்ச்சுவரைப் பார்த்தேன். சாதாரணச் சுவர், காரை உப்பியிருந்தது. நான் நம்புகிறேனா என்று என்னையே கேட்டேன். நம்பினால் இவர் போய்விடுவார், திரும்பி வராமலும் இருக்கலாம், அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போக ஒரு வீடு இருக்காது. நம்பாவிட்டால் நாளைக்கு வண்டி வந்து இவரைக் கூட்டிப் போகும், அந்தத் தரையில் நடந்துகொண்டிருக்கும் ஒருத்திக்குப் பாட்டு என்றென்றைக்குமாக நின்றுபோகும். நம்புகிறவன் என்ன செய்வானோ அதைச் செய்துவிட்டால், நம்பிக்கை அப்புறம் தானாக வருமா? தெரியவில்லை. போனை அணைத்து வெளியே ஜன்னல் திட்டில் வைத்தேன். கதவைத் தாழிட்டேன். ஆணியிலிருந்து பிரம்பு வளையத்தை எடுத்து, பையைத் தொட்டு உருண்டை இருக்கிறதா என்று பார்த்து, அவர் தோளில் மாட்டினேன். அவர் தடுக்கவில்லை. கையைப் பிடித்து ஸ்டூலிலிருந்து எழுப்பினேன். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவர் எழுந்த இடத்தில் நான் உட்கார்ந்து, பொறுக்கி அடுக்கியிருந்த வால்ட்ஸ்களை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"சார்," என்றேன், "உங்களுக்கு எந்தப் பாட்டு வெக்கட்டும்?"